மூன்றாவது சரணத்தில் இருப்பவர்

போன ஓய்வுநாள் எங்கள் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை ஆராதனையில் பாட்டு நடத்திய தம்பி, "நேரமாயிடுச்சு, முதல் சரணமும் கடைசிச் சரணமும் மட்டும் பாடிடுவோம்" என்றார். வழக்கமாகச் சொல்வதுதான். வேறு பாட்டாக இருந்திருந்தால் நானும் பாடிவிட்டு உட்கார்ந்திருப்பேன். அன்று எடுத்தது 'ஐ சா ஒன் வியரி', நம் சபையின் ஆரம்ப நாட்களில் ஆனி ஸ்மித் எழுதிய ஆங்கிலப் பாட்டு. அந்தப் பாட்டில் ஒரு சரணத்தை விட்டால் ஒரு ஆளையே விட்டுவிடுகிறோம். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்தப் பாட்டின் நான்கு சரணங்களில் முதல் மூன்றில், சரணத்துக்கு ஒருவராக மூன்று பேர் வருகிறார்கள். சோர்ந்து, கிழிந்துபோய், ஆனாலும் வேகமாக நடக்கிற ஒருவர். வாளும் கேடயமுமாக உலகத்தின் முறைப்பை எதிர்த்து நிற்கிற இன்னொருவர். நண்பர்கள், பெயர், செல்வம் எல்லாவற்றையும் விட்டு வந்த மூன்றாமவர். உங்களைத் தாங்குவது எது என்று கேட்டால் மூவரும் சொல்வது ஒரே பதில்: தீத்து நிருபத்தில் நாம் வாசிக்கும் அந்த 'ஆனந்தபாக்கியம்', கர்த்தர் திரும்ப வருவார் என்கிற நம்பிக்கை. முதலாமவர் ஜோசப் பேட்ஸ், கடலில் சம்பாதித்ததை எல்லாம் இந்தச் செய்திக்கே செலவழித்த கப்பல் தலைவர். இரண்டாமவர் நம் சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வைட். மூன்றாவது, பாட்டை எழுதிய ஆனி ஸ்மித்தே என்று பலரும் நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

1844 அக்டோபர் 22. கர்த்தர் வருவார் என்று வில்லியம் மில்லரின் பிரசங்கத்தைக் கேட்டு அமெரிக்காவில் பல்லாயிரம் பேர் அன்று காத்திருந்தார்கள். இரவு விடிந்தது, அவர் வரவில்லை. ஊரார் சிரித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் மெய்ன் மாநிலத்தில் அந்த ஜேம்ஸ் வைட், அப்போது இளம் பிரசங்கியார், கூட்டத்துக்கு வருவதே பாடிக்கொண்டுதானாம். பின்வாசலில் நுழைந்து, கையிலிருக்கும் வேதாகமத்தில் தாளம் தட்டியபடி, 'யூ வில் சீ யுவர் லார்ட் எ கமிங்' என்று பாடிக்கொண்டே முன்னால் நடந்து வருவாராம். அவருடைய அப்பா பாட்டு வாத்தியார், குரல் அங்கிருந்து வந்தது. (அடிமைத்தனத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பாடிய ஹட்சின்சன் குடும்பத்தார் தங்கள் புகழ்பெற்ற 'ஓல்ட் கிரானைட் ஸ்டேட்' பாட்டுக்கு எடுத்துக்கொண்டதும் இதே மெட்டுதான். எனக்கு அதில் தனிச் சந்தோஷம்.) வருகையைப் பற்றி அப்படிப் பாடிய வாய், அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு மூடிக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் 1849-இல் அதே ஜேம்ஸ் வைட் ஒரு சின்னப் பாட்டுப் புத்தகத்தை அச்சிட்டார். 53 பாட்டுகள், வெறும் வார்த்தைகள்தான், மெட்டு கிடையாது. தெரிந்த ராகத்தில் பாடிக்கொள்ள வேண்டியது. ஓய்வுநாளைக் கைக்கொண்ட அந்தச் சிறு கூட்டத்துக்கு அப்போது சபை என்ற அமைப்புகூட இல்லை, ஒரு பெயரும் இல்லை. அவை வருவதற்கு வருடங்களுக்கு முன்பே பாட்டுப் புத்தகம் வந்துவிட்டது!

ஆனி ஸ்மித் நியூ ஹாம்ப்ஷயரில் வெஸ்ட் வில்டன் ஊர்க்காரர், 1828-இல் பிறந்தவர். படம் வரைவதில் ஆசை, பாஸ்டன் பக்கம் போய்ப் படித்தார். வரைந்து வரைந்து கண் கெட்டு, மாதக்கணக்கில் கண்ணைப் பயன்படுத்த முடியாமல் இருந்தார். 1844-க்குப் பிறகு விசுவாசமும் தணிந்துபோயிருந்தது. அம்மா வற்புறுத்தியதால் 1851-இல் பேட்ஸ் நடத்திய ஒரு வீட்டுக் கூட்டத்துக்குப் போனார். அதற்கு முந்தின இரவு ஆனியும் பேட்ஸும் ஒரே கூட்டத்தைக் கனவில் கண்டதாக அவருடைய அம்மா எழுதிவைத்திருக்கிறார். கொஞ்ச நாளில் ஜேம்ஸ் வைட் நடத்திய 'ரிவ்யூ' பத்திரிகைக்கு ஆனி ஒரு கவிதை அனுப்பினார். அதைப் படித்த அவர், பிழை திருத்த வாருங்கள் என்று கூப்பிட்டார். கண் சரியில்லை என்று பதில் போட்டார் ஆனி. எப்படியும் வாருங்கள் என்றார் அவர். போனார், ஜெபித்தார்கள், கண் தேறியது.

நல்ல சம்பளத்தில் பள்ளி வேலை அவருக்கும் தம்பி யூரையா ஸ்மித்துக்கும் காத்திருந்தது. இருவரும் அதை விட்டுவிட்டு வந்தது ராச்செஸ்டரில் ஒரு வாடகை வீட்டுக்கு. அச்சகத்தில் உழைத்தவர்களும் வைட் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். சாப்பாட்டுக்கே இழுபறி. அந்த வீட்டில் காசநோய் புகுந்தது. ஜேம்ஸின் தம்பி நத்தானியேல் 1853-இல் போனார், அடுத்த வருடம் தங்கை ஆனா. அப்புறம் ஆனி ஸ்மித்துக்கும் அதே இருமல். 'ஹவ் ஃபார் ஃப்ரம் ஹோம்' பாட்டில் வருகிற ஜாமக்காரனிடம், வீடு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறாரே, அதை இப்படியொரு வீட்டில் வாழ்ந்தவருடைய கேள்வியாக ஒருமுறை பாடிப் பாருங்கள்.

பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, படுக்கையில் இருந்தபடி தன் கவிதைகளை அச்சுக்குச் சீர்படுத்தினார். புத்தகத்துக்காக அக்காவுக்குப் பிடித்த பியோனிப் பூவை வரைந்து மரத்தில் செதுக்கிக் கொடுத்தவர் யூரையா. சிறுவயதிலேயே ஒரு கால் எடுக்கப்பட்டவர் அவர். 'ஓ பிரதர் பீ ஃபெய்த்ஃபுல்' எழுதியபோது அவருக்கு 21 வயதுதான். 1855 ஜூலை 26 அன்று ஆனி கண்மூடினார். வயது 27.

பழைய பாட்டென்றாலே தூக்கம் வருகிறது என்று நம் வாலிபர்கள் சொல்லும்போது இந்த வயதுகளைத்தான் நான் சொல்கிறேன். 1849 புத்தகத்தைப் போட்ட ஜேம்ஸ் வைட்டுக்கு வயது 28. இது கிழவர்களின் பாட்டு கிடையாது.

பிறகு 1886-இல் 1,413 பாட்டுகளோடு பெரிய புத்தகமே வந்தது. ஜேம்ஸ் வைட்டின் மனைவி எலன் வைட்டின் அக்கா மகன் பெல்டன், பிரசங்கம் நடக்கும்போதே அதற்கேற்ற பாட்டை எழுதி முடிவில் பாடக்கூடியவர். அவர் பாட்டுகளும் எனக்குப் பிடிக்கும். ஆனால் திறமை தெரிகிற அளவுக்கு அவற்றில் காயம் தெரிவதில்லை. ஆனியின் வரியில் கை வைத்தால் சூடு தெரியும். நம் சபையின் 1985 ஆங்கிலப் பாட்டுப் புத்தகத்தின் 695 பாட்டுகளில் ஆனியுடையவை மூன்று மட்டும்தான். அந்த மூன்றையுமாவது முழுசாகப் பாட நமக்கு நேரம் இருக்க வேண்டாமா? அறிவிப்புகளுக்கு இருபது நிமிடம் இருக்கிறதே.

அடுத்த மாதம் பாட்டு நடத்த என் முறை வருகிறது. 'ஐ சா ஒன் வியரி' எடுக்கப்போகிறேன், நான்கு சரணமும். மூன்றாவதுக்கு முன்னால் ஒரு நிமிடம் நிறுத்தி, இது யார் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன்.