ஃபோர்ஹேண்டில் முதல் வேலை காலுக்குத்தான்

டென்னிஸில் தாக்கி ஆடும் ஃபோர்ஹேண்டுக்கு, அதாவது மட்டை பிடித்த கையின் பக்கம் வரும் பந்தை உள்ளங்கை முன்னே பார்க்க அடிக்கும் அடிக்கு, மணிக்கட்டை வேகமாகச் சுழற்ற வேண்டும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மணிக்கட்டு தளர்வாக இருந்தால் போதும். வேகம் காலில் கிளம்பி, இடுப்பு, தோள் வழியாகத்தான் ராக்கெட்டுக்கு (மட்டைக்கு) வர வேண்டும். பல மாதம் கையை மட்டும் வீசி அடித்து முழங்கை வலிதான் எனக்கு மிச்சம். அப்புறம் ஒரு பழக்கத்தை மாற்றினேன். பந்து வரும் பக்கம் தெரிந்ததுமே தோளைத் திருப்பி, இடது கையை ராக்கெட்டின் கழுத்திலிருந்து அவசரப்பட்டு எடுக்காமல் வைத்திருந்தேன். உடம்பு தானாகத் திரும்பியது, பந்தை உடலுக்கு முன்னாலேயே சந்திக்க முடிந்தது. 2009 யு.எஸ். ஓபன் இறுதியில் ஃபெடரரை வென்ற அர்ஜென்டினா வீரர் டெல் போட்ரோவின் ஃபோர்ஹேண்டை வீடியோவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், கைக்கு முன்பே இடுப்பு திரும்பிவிடும்.

குட்டையாக, நம் பக்கம் வலைக்கு அருகிலேயே விழும் பந்தில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். அது கீழே இறங்கும்வரை நின்றால் வலைக்கு மேலே தூக்கித்தான் அடிக்க வேண்டும். சின்னச் சின்ன அடி வைத்து முன்னே போய், இடுப்பு உயரத்துக்கு மேல் இருக்கும்போதே அடித்துவிடுங்கள். எந்தப் பக்கம் என்று சந்தேகமா? குறுக்காக அடியுங்கள். அப்படி அடித்த பந்து வலையின் நடுப்பகுதியைத் தாண்டிப் போகும்; அங்கே வலையின் உயரம் 3 அடிதான், கம்பத்தருகே மூன்றரை அடி. மூலைக்கு மூலை ஆடுகளமும் நீளம்.