டெக்குக்குக் கீழே நாலடி

நான் ரொறன்ரோப் பக்கம் டெக், அதாவது வீட்டோரமாகப் போடும் மரமேடை, கட்டிக்கொடுக்கிற கொந்தராத்துக்காரன். ஏப்ரலில் பனி கரைந்து முடிந்த கையோடு ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஓர் அண்ணை ஃபோன் எடுத்தார். "தம்பி, டெக் கதவடியில ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிக்குது. வந்து ரெண்டு ஆணி அடிச்சுவிட்டாச் சரிவரும் எண்டு நினைக்கிறன்."

போய்ப் பார்த்தேன். பன்னிரண்டுக்குப் பதினாறடி டெக், நிலத்திலிருந்து நாலடி உயரம். மேற்பலகைக்கு ஒரு குறையும் சொல்ல ஏலாது. வருசா வருசம் அண்ணை தன் கையால் சாயம் பூசி வைத்திருக்கிறார். கீழே குனிந்து போனபிறகுதான் நெஞ்சு பதறியது. தூண்கள் எல்லாம் ஓரடிச் சதுரச் சீமெந்துக் கல்லின் மேல், வெறும் மண்ணில் நிற்கின்றன. வீட்டுப் பக்கம் பாரத்தில் பாதியைத் தாங்கவேண்டிய லெட்ஜர் மரத்தை, அதாவது டெக்கை வீட்டோடு பிணைக்கிற மரத்தை, செங்கல்லில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். அந்தச் செங்கல் வரியில் விரல் நுழையுமளவுக்கு வெடிப்பு.

இந்த இடம் எங்கள் ஆட்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஊரில் கல்வீடு என்றால் சுவர்தான் வீடு. அதில் எதைக் கொழுவினாலும் தாங்கும். இங்கே எங்களில் பெரும்பாலானோர் வாங்கும் வீடுகளில் வெளியே தெரிகிற செங்கல் ஒற்றை வரிப் போர்வை மட்டும்தான். அதற்குப் பின்னால் காற்று இடைவெளி, அதற்கும் பின்னால் மரச்சட்டம். வீட்டைத் தாங்குவது அந்த மரச்சட்டம். செங்கல் தன் பாரத்தை மட்டும் தாங்கும். அதில் டெக்கைத் தொங்கவிடக் கூடாது. அப்படியான வீட்டுக்கு, வீட்டோரமாகவும் ஒரு வரிசைத் தூண் போட்டு, டெக்கைத் தன் காலிலேயே நிற்க வைக்கவேண்டும்.

மற்றது பனி. மண்ணிலிருக்கிற ஈரம் உறைந்தால் மண் பருத்து மேலே தள்ளும். ரொறன்ரோப் பக்கம் அத்திவாரம் குறைந்தது 1.2 மீற்றர், அதாவது நாலடி, கீழே போகவேண்டும் என்பது அதனால்தான். வீட்டின் அத்திவாரம் அந்த ஆழத்துக்கும் கீழே இருக்கிறபடியால் வீடு அசையாது. கல்லின் மேல் நிற்கிற தூண் மாரியில் எழும்பும், வசந்தத்தில் இறங்கும். ஒரு பக்கம் அசையாத வீடு, மறுபக்கம் ஏறி இறங்கும் தூண். நடுவில் அகப்பட்ட செங்கல் ஆறு மாரி தாங்கி, ஏழாவதில் பிளந்துவிட்டது.

"இதுக்குப் பேர்மிற் எடுத்தவையோ அண்ணை?" என்று நகரசபை அனுமதியைக் கேட்டேன். அவர் பேசவில்லை. அவரின் மனைவி, அக்காதான் சொன்னா: "எங்கட ஆள் எண்டு நம்பிக் குடுத்தனாங்கள். காசாக் குடுத்தால் குறைச்சுத் தாறன் எண்டார்." இப்போது அந்த ஆளின் ஃபோன் வேலை செய்யவில்லை. கையில் பற்றுச்சீட்டுமில்லை, ஒப்பந்தமுமில்லை. யாரிடம் போய் முறையிடுவது?

எனக்கு வருகிற அழைப்புகளில் அரைவாசி இப்படித்தான் தொடங்கும். எவ்வளவு? காசாகத் தந்தால் எவ்வளவு? பேர்மிற் இல்லாமல் எவ்வளவு? என்னோடு இரண்டு தம்பிமார் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம், காயப்பட்டால் பார்ப்பதற்கு டபிள்யூ.எஸ்.ஐ.பி. காப்புறுதி, ட்ரக், பொறுப்புக் காப்புறுதி, 13 வீத எச்.எஸ்.ரி. விற்பனை வரி எல்லாம் சேர்த்துத்தான் நான் விலை சொல்கிறேன். பக்கத்தில் ஒருவர் அதைவிட மூவாயிரம் டொலர் குறைத்துச் சொல்கிறார். மரம் அவருக்கும் அதே கடையில் அதே விலைதான். அப்படியென்றால் அந்த மூவாயிரத்தை எங்கே மிச்சம் பிடிக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் பிடிக்கிறார். தூண்களுக்கு நாலடிக் கிடங்கு ஆறு கிண்டுவது களிமண்ணில் ஒரு முழுநாள் வேலை, வேர் குறுக்கிட்டால் இரண்டு நாள். கிடங்கில் இறக்கிக் கொங்கிறீற் ஊற்றுகிற பத்து அங்குலக் குழாய் ஒன்றுக்கு 30 கிலோ கொங்கிறீற் மூடை நாலைந்து போகும். கிடங்கை விட்டுவிட்டால் அந்தச் செலவு முழுக்க மிச்சம். கிண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவைக்கு அறிவித்து, காஸ் குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகிறது என்று குறித்துத் தரும்வரை காத்திருக்கவேண்டும். அதற்குக் காசில்லை, சட்டமும் அதுதான். பேர்மிற் இல்லாமல் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டுப் போகிறவருக்கு அதற்கு ஏது நேரம்?

ரொறன்ரோவில் நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயருகிற டெக்குக்குப் பேர்மிற் வேண்டும். அந்த உயரத்துக்கு மேல் கைபிடிக் கிராதியும் வேண்டும், கம்பிகளுக்கிடையே 10 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. குழந்தையின் தலை அதற்குள்ளால் போகக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கணக்கு. நகரசபை காசு பிடுங்க வைத்த சட்டம் என்று எங்கள் ஆட்கள் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே கவலை வருகிறது. கொங்கிறீற் ஊற்ற முதல் இன்ஸ்பெக்ரர் வந்து கிடங்கை அளந்து பார்க்கிறார். கொந்தராத்துக்காரரான எனக்கு மேல் இன்னொரு கண் உங்களுக்காகப் பார்க்கிறது. ஊற்றி மூடியபிறகு நாலடியா இரண்டடியா என்று நீங்கள் எப்படி அறிவீர்கள்?

அண்ணையின் டெக் 192 சதுர அடி. சதுர அடிக்கு 40 இறாத்தல் தாங்கவேண்டும் என்ற கணக்கில் பார்த்தால் ஏழாயிரத்து அறுநூறு இறாத்தலுக்கு மேல். வெறும் நாளில் இரண்டு கதிரையும் ஒரு பூச்சாடியும்தான் நிற்கும். பேத்தியின் பிறந்தநாளுக்கு நாற்பது பேர் ஏறுவார்கள், பாட்டுப் போட்டால் ஆடுவார்கள். 2015 யூன் 16 அன்று கலிபோர்னியாவின் பேர்க்லியில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில்தான் ஐந்தாம் மாடிப் பல்கனி முறிந்து ஆறு இளம்பிள்ளைகள் செத்தார்கள். தண்ணீர் உள்ளே போய் மரம் உக்கியிருந்தது. வெளியே பார்த்தவர்களுக்கு அது நல்ல பல்கனிதான்.

எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்லவேண்டும். அரைவாசிக் காசை முற்பணமாக வாங்கிக்கொண்டு, அதை முந்தின வீட்டு வேலையில் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கேட்டால் கொடுக்காதீர்கள். நான் 10 வீதம் வாங்குவேன், மரம் வந்து இறங்கியதும் அடுத்த பங்கு, மிச்சம் வேலை முடிய முடிய. ஒன்ராறியோவில் உங்கள் வீட்டில் வைத்து எழுதிய ஒப்பந்தத்தை, அதன் பிரதி கைக்கு வந்த 10 நாளுக்குள் நீங்கள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். எழுத்தில் இல்லாத வேலைக்கு ஒப்புக்கொள்ளவே வேண்டாம்.

நேர்மையாகச் செய்தால் நட்டமே வராது என்றும் நான் சொல்லமாட்டேன். 2021 மாரியில் மூன்று டெக்குக்கு விலை எழுதிக் கொடுத்திருந்தேன். மே மாதம் மரவிலை அமெரிக்கச் சந்தையில் ஆயிரம் போர்ட் அடிக்கு (மரம் அளக்கிற அலகு) 1,600 டொலரைத் தாண்டியது. முந்தின வருசத் தொடக்கத்தில் 400 டொலரளவில் நின்ற விலை அது. எழுதிக் கொடுத்த விலைக்கே மூன்றையும் கட்டினேன். அந்தக் கோடை முழுக்க வேலை செய்து வீட்டுக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை. அதற்குப் பிறகு என் விலைச்சீட்டு 15 நாளுக்குத்தான் செல்லும். ஆனால் அந்த மூன்று வீட்டிலும் கிடங்கு நாலடிதான்.

அண்ணைக்கும் அக்காவுக்கும் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். பழைய டெக்கைக் கழற்றினோம். நல்ல பலகைகளை அடுக்கி வைத்திருக்கிறேன், பாதியைத் திருப்பிப் பாவிக்கலாம். பேர்மிற் வந்துவிட்டது. கிடங்கு ஆறும் கிண்டி, மேலே ஒட்டுப்பலகை போட்டு மூடியிருக்கிறோம். செவ்வாய்க்கிழமை காலை இன்ஸ்பெக்ரர் வருகிறார். மழை பிடிக்காவிட்டால் அன்று பின்னேரமே கொங்கிறீற் போட்டுவிடலாம்.