எழுத்துக் கூட்டியாயிற்று, அப்புறம்?

முதியோர் கல்விக்கு எளிய நூல்கள் வந்தால் போதும் என்கிறது அண்மையில் நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் கல்குவாரிப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். படிப்பு பிழைப்போடு ஒட்டியிருந்தது. எங்கள் ஊர் முதியோர் கல்வி மையத்துக்கு வந்த சிறுநூலிலோ, 'தகுதியுடைய பயனாளிகள் உரிய ஆவணங்களுடன் விண்ணப்பித்துப் பயன்பெறலாம்' என்று மூச்சுமுட்டும் வாக்கியம். பொடி எழுத்து வேறு! நூறுநாள் வேலைக் கூலி பாக்கியைப் பற்றி ஓர் அக்கா சொல்லச் சொல்ல, அவர் பேச்சிலேயே நாலு வரி, பெரிய எழுத்தில் சார்ட்டில் எழுதி ஒட்டினோம். எல்லாரும் விரல் வைத்துப் படித்தார்கள். பக்கத்திலேயே இன்னொருவர் தனக்கு வரவேண்டிய தொகையையும் எழுதிவிட்டுப் போனார். இப்படிப்பட்டவற்றை அச்சடிக்க அரசு முதலில் காசு ஒதுக்கட்டும்.