ஒரு ஃபேன் கெட்டதற்கு முழு கார்டையும் மாற்றச் சொல்கிறார்கள்

மணி இரவு பதினொன்றரை. எட்டு மாதக் குழந்தையை ஒரு மணி நேரம் தோளில் போட்டு நடந்து, என் மனைவி இப்போதுதான் தொட்டிலில் விட்டிருப்பாள். நான் போய் உட்கார்ந்து, எடிட் செய்த கல்யாண வீடியோவை ஒரே கோப்பாக்கும் எக்ஸ்போர்ட்டில் போடுவேன். இருபது விநாடி ஆகாது, கம்ப்யூட்டருக்குள்ளிருந்து கர்ர்ர்ரென்று கிளம்பும். குழந்தை வீரிட்டு அழும். மனைவி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். தூக்கிக்கொண்டு மறுபடியும் நடக்கத் தொடங்குவாள். மூன்று மாதம் எங்கள் வீட்டில் இரவு இப்படித்தான் போனது.

சத்தம் போட்டது 31,000 ரூபாய் கொடுத்து வாங்கிய கிராபிக்ஸ் கார்டு, கம்ப்யூட்டரில் படம், வீடியோ வேலையைச் செய்யும் பாகம். அதன் சிப்பில் ஒரு குறையும் இல்லை, மெமரியில் ஒரு குறையும் இல்லை. அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சின்ன ஃபேன்கள்தான் என் குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுத்தன.

இதை யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில், "ஹெட்போன் போட்டுக்கோ." எனக்குக் கோபம் தலைக்கேறுவது அங்கேதான். என் காதை மூடிக்கொண்டால் குழந்தையின் காது மூடிக்கொள்ளுமா? கம்ப்யூட்டருக்கும் தொட்டிலுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு கதவு. சென்னை மே மாத வெக்கையில், ஏசி இல்லாத வாடகை வீட்டில், அந்தக் கதவையும் சாத்த முடியாது. பகலில் ஷூட்டிங், இரவில்தான் எடிட்டிங். முகூர்த்த மாதத்தில் வேலையைத் தள்ளிப்போடவும் வழியில்லை.

அடுத்த பதில், "சீலிங் ஃபேன் சத்தத்தைவிடவா?" ஆமாம், எங்கள் சீலிங் ஃபேனும் டக் டக்கென்று தட்டிக்கொண்டுதான் ஓடுகிறது. அதற்கு யாரும் விழிப்பதில்லை. ஒரே சீராக ஓடும் சத்தத்தைக் காது அரை மணி நேரத்தில் பழகிக்கொள்ளும். திடீரென்று ஏறி, இறங்கி, நின்று, மறுபடி கிளம்பும் சத்தத்தைக் காது விடவே விடாது. எக்ஸ்போர்ட் ஓடும்போதாவது காரணம் புரிகிறது. என் கார்டு சும்மா இருக்கும்போதும் அதைத்தான் செய்தது. விர்ரென்று எழும்பும், கரகரவென்று அரைக்கும், ஒரு நிமிடத்தில் அடங்கும். நான்கு நிமிடம் கழித்து மறுபடியும் அதே ஆர்ப்பாட்டம்.

ஏன் என்று தோண்டிப் பார்த்தபோது வயிறு இன்னும் எரிந்தது. இப்போதைய கார்டுகளில் சூடு குறைவாக இருக்கும்போது ஃபேனை மொத்தமாக நிறுத்தும் ஏற்பாடு உண்டு. அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டு விற்கிறார்கள். என் கார்டில் 55 டிகிரிக்கு மேல் போனால் ஃபேன் கிளம்பும், கீழே வந்தால் நிற்கும். 22 டிகிரி குளிர்ந்த அறையில் இது அருமையாக வேலை செய்யும், கார்டு அந்த எல்லையைத் தொடவே தொடாது. என் அறை இரவு பத்து மணிக்கும் 34 டிகிரி. அறை 12 டிகிரி கூடினால் கார்டும் கிட்டத்தட்ட அதே 12 டிகிரி கூடும். இதுபோக இரண்டு மானிட்டர் வைத்திருக்கிறேன், இரண்டும் வெவ்வேறு ரெஃப்ரெஷ் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படும் என்ற கணக்கு. அப்படி இருந்தால் சில கார்டுகளில் மெமரி வேகம் குறையாமலே நிற்கும், சும்மா இருந்தாலும் சூடு ஏறும். ஆக என் கார்டு நாள் முழுக்க அந்த 55 டிகிரி கோட்டின் மேலேயும் கீழேயும் ஊசலாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை தாண்டும்போதும் ஒரு கர்ர்ர். நின்றிருக்கும் ஃபேனை மெதுவாக எழுப்பவும் முடியாது. நகர்வதற்கே ஒரு உந்தல் வேண்டும், அந்த உந்தல்தான் தொட்டில் வரை கேட்கிறது.

வெயில் நாட்டில் விற்கத் தெரிகிறது, வெயில் நாட்டுக்கு ஏற்ப ஒரு எண்ணை மாற்றி அனுப்பத் தெரியவில்லை. அது வெறும் எண்தான், மென்பொருளில் இருக்கிற ஒரு எண்! எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை இறக்கி, எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்று சொல்லும் ஃபேன் கர்வை நானே வரைந்தேன். ஃபேனை நிறுத்தவே வேண்டாம், 60 டிகிரி வரை ஒரே சீராக 35 சதவீதத்தில் ஓடட்டும், அதற்கு மேல் மெல்ல ஏறட்டும் என்று வைத்தேன். சூடு ஐந்து டிகிரி இறங்கினால்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றும் போட்டேன். அந்த நின்று கிளம்பும் ஆட்டம் அன்றே ஒழிந்தது. பத்து நிமிட வேலை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது, ஏனென்றால் கார்டோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அப்புறம் மின்சாரம். என் கார்டு முழு வேகத்தில் 170 வாட் இழுக்கும். கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பான பவர் லிமிட்டை அதே மென்பொருளில் 75 சதவீதத்துக்கு இறக்கினேன். 128 வாட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நாற்பத்தோரு நிமிடம் ஓடிய எக்ஸ்போர்ட் நாற்பத்து மூன்று நிமிடம் ஆனது. இரண்டு நிமிடத்துக்காக 40 வாட்டுக்கு மேல் கூடுதலாக எரித்து, அந்தச் சூட்டை வெளியேற்ற ஃபேனைக் கதற விட்டிருக்கிறார்கள்! விமர்சனப் பட்டியலில் பக்கத்துக் கம்பெனி கார்டைவிட இரண்டு சதவீதம் முந்த வேண்டும், அதற்கு வாங்குபவன் வீட்டில் இரவெல்லாம் இரைச்சல். ஃபேன் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். நம் காதுக்கு 10 டெசிபல் குறைந்தாலே சத்தம் பாதியானது போல இருக்கும். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் அவ்வளவு அமைதி கிடைக்கும். தொழிற்சாலையிலேயே அப்படி வைத்து அனுப்ப ஒருவருக்கும் மனசு வரவில்லை.

சரி, கர்வ் மாற்றியாயிற்று, வாட் குறைத்தாயிற்று. நின்று கிளம்புவது போனது. கரகரப்பு போகவில்லை. அது பேரிங்.

இங்கேதான் நான் யாரையும் மன்னிக்கத் தயாராக இல்லை. மலிவான ஃபேன்களில் போடுவது ஸ்லீவ் பேரிங். எண்ணெய் ஊறிய ஒரு சின்ன உலோகக் குழாய்க்குள் அச்சு சுற்றும், அவ்வளவுதான். புதிதில் பூனை நடப்பது போல இருக்கும். சூட்டில் எண்ணெய் காயும், காய்ந்ததும் குழாய் தேயும், தேய்ந்ததும் அச்சு ஆடும். அந்த ஆட்டம்தான் கரகரவென்று கேட்கிறது. பால் பேரிங் சூட்டை இதைவிட நன்றாகத் தாங்கும், எண்ணெய் கசியாமல் அடைத்த நல்ல வகைப் பேரிங்குகளும் இருக்கின்றன. கிராபிக்ஸ் கார்டு கேபினட்டில் படுத்த வாக்கில், ஃபேன் தரையைப் பார்த்தபடி தொங்குகிறது. சிப்பின் சூட்டை இழுத்துக்கொள்ளும் உலோகப் பாளமான ஹீட்சிங்க், எழுபது டிகிரியில், அதன் முதுகில். ஸ்லீவ் பேரிங்குக்கு இதைவிட மோசமான இடம் வேறு இல்லை. தெரிந்தேதான் போடுகிறார்கள். 31,000 ரூபாய் பொருளில், ஃபேன் ஒன்றுக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்கள்.

வாரண்டியில் இருக்கிறதே என்று சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கார்டை ஓட விட்டுப் பார்த்தார். "சார், ஃபேன் சுத்துதுல்ல? சுத்தலைன்னாதான் வாரண்டி. சத்தத்துக்கெல்லாம் கிடையாது." ஃபேனை மட்டும் காசுக்குக் கொடுங்கள் என்றேன். "ஃபேன் தனியா வராது சார், கார்டாத்தான் வரும்." அந்த இளைஞரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் கையில் எதுவும் இல்லை. ஆனால் ஒரு மோட்டார் பைக்கின் ஹாரன் கெட்டால் வண்டியையே மாற்று என்று சொல்கிற கடை நடக்குமா?

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். நாலு கடை ஏறி இறங்கினேன். நரசிங்கபுரம் தெருப் பக்கம் ஒரு கடைக்காரர்தான் உள்ளதைச் சொன்னார். "தம்பி, இந்த மாடலுக்கு ஃபேன் வராது. இதே கார்டு எதுனா செத்து வந்துச்சுன்னா கழட்டி வெச்சிருக்கேன், நம்பர் குடுத்துட்டுப் போ." ஒரு கார்டு சாக வேண்டும், அப்போதுதான் இன்னொரு கார்டுக்கு ஃபேன். வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாம் என்று பார்த்தால், ஃபேன் நடுவில் அச்சிட்ட எண், ஸ்க்ரூ துளைகளின் இடைவெளி, ஒயர் முனை மூன்றும் பொருந்த வேண்டும். ஒரே மாடல் கார்டில்கூட ஒரு தடவை ஒரு ஃபேனும், அடுத்த தடவை வேறு ஃபேனும் போட்டிருப்பார்கள். இருட்டில் கல் எறிவது மாதிரி.

முடியாத காரியமா இது? 2016-இல் வந்த சஃபயர் நைட்ரோ பிளஸ் ஆர்எக்ஸ் 480 கார்டில் ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் ஃபேன் கையோடு வந்துவிடும், ஒயர்கூடப் பிடுங்க வேண்டாம். செய்து காட்டிய வேலை அது. சத்தம் ஒரு பிரச்சினை என்று இந்தத் தொழிலுக்குத் தெரியாமலும் இல்லை. 2003-இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா போட்ட சத்தத்தில் அதற்குத் தூசி உறிஞ்சும் கருவியின் பெயரையே பட்டமாகச் சூட்டினார்கள். அந்தக் கார்டை இலை ஊதும் இயந்திரமாகக் காட்டி அந்த நிறுவனமே ஒரு கேலி வீடியோவும் எடுத்தது. இருபது வருடம் கழித்தும் நான் கரகரப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நாமே கழற்றலாம் என்றால் ஸ்டிக்கர். ஹீட்சிங்க்கைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூவில் ஒன்றின் தலையில் சின்னதாக ஒட்டியிருக்கிறார்கள், கிழிந்தால் வாரண்டி கிடையாது என்று. அமெரிக்காவில் 2018 ஏப்ரலில் வணிக ஆணையம் இப்படி மிரட்டிய ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று நுகர்வோர் துறை ஒரு இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று துறை பிரித்தார்கள். நல்ல காரியம்தான். என் கார்டைச் செய்த நிறுவனத்தின் பெயரை அதில் தேடினேன், அகப்படவில்லை.

நடுவில் ஆளாளுக்கு வைத்தியம். துரு நீக்கும் ஸ்ப்ரேயான டபிள்யூடி-40 அடி என்றார் ஒருவர். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், அது கொஞ்ச நாளில் ஆவியாகிவிடும், மிச்சம் இருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போகும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் பரவாயில்லை, ஆனால் நடு ஸ்டிக்கருக்குக் கீழே துளை இருக்கிற ஃபேனுக்குத்தான் அது உள்ளே இறங்கும். என்னுடையதில் துளையே இல்லை, அடைத்து வைத்திருக்கிறார்கள். ப்ளோயர் போட்டு ஊது என்றார்கள், மாதா மாதம் ஊதுகிறேன். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டுக்கடங்காமல் சுற்ற விட்டால் இருக்கிற பேரிங்கும் போய்விடும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டிக்கரைக் கிழித்தேன். வாரண்டி இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, இருக்கட்டும். உள்ளே, சிப்பின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. துடைத்துப் புதிதாகத் தடவினேன். பிளாஸ்டிக் மூடியையும் அந்த இரண்டு ஃபேனையும் மொத்தமாகக் கழற்றி வைத்துவிட்டு, ஹீட்சிங்க் மேல் 120 மில்லிமீட்டர் கேபினட் ஃபேன் இரண்டைக் கேபிள் டை போட்டுக் கட்டினேன். கார்டில் இருக்கும் சின்ன நான்கு முள் சாக்கெட்டுக்கு ஒரு மாற்று ஒயர் வேண்டும், அது ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே கிடைத்தது. புது ஃபேன் இழுக்கும் ஆம்பியர் பழையதைவிடக் கூடக் கூடாது, ஸ்டிக்கரில் பார்த்து வாங்கினேன். மொத்தம் 1,600 ரூபாய்.

முன்பு நிமிடத்துக்கு 2,600 சுற்றில் 74 டிகிரி. இப்போது 900 சுற்றில் 66 டிகிரி. இறக்கை பெரிதானால் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளும். நேற்று இரவு ஒரு முழுக் கல்யாணம், நாற்பத்து மூன்று நிமிடம் ஓடியது. குழந்தை புரண்டுகூடப் படுக்கவில்லை. என் மனைவி பத்தரைக்கே தூங்கிவிட்டாள்.

அந்தப் பழைய ஃபேன் இரண்டையும் மேசை மேல் வைத்திருக்கிறேன். விரலால் ஒரு சுற்று விட்டாலே கரகரக்கிறது. சனிக்கிழமை சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போய், மேலாளரைக் கூப்பிடச் சொல்லி, அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றிக் காட்டப்போகிறேன்.