கன்டென்ட்டை அப்புறம் ஃபில் பண்ணிக்கலாமாம்!

எங்கள் இணையதள ப்ராஜெக்ட் ரிவ்யூவில் நடந்ததை மறுபடி முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. அந்தக் குட்டி வீடியோவை ஸ்டேட்டஸில் பார்க்காத ஆள் என் நட்புப் பட்டியலில் இருப்பதாகத் தெரியவில்லை. நான் செய்த தளத்தைப் பார்த்துவிட்டு சார் சொன்னது இது: "இவ்வளவு எழுத்தை யாரும்மா படிப்பா? முதல்ல டிசைனைப் பண்ணு, கன்டென்ட்டை அப்புறம் ஃபில் பண்ணிக்கலாம்." உடனே அறை முழுக்கச் சிரிப்பு. அந்த வீடியோவுக்குக் கீழே சிரிப்பு எமோஜி போட்டவர்களில் பாதிப் பேர் இங்கேயும் இருக்கிறீர்கள். வணக்கம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கன்டென்ட் அப்புறம் ஃபில் பண்ணுகிற பொருள் இல்லை. என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாமல் டிசைன் என்று ஒன்றைத் தொடங்கவே முடியாது.

என் தளம் ரத்த தானம் பற்றியது. முதல் பக்கத்தில் நான் வைத்திருந்தவை கேள்விகள். நேற்று மாத்திரை போட்டவர் ரத்தம் தரலாமா? டாட்டூ குத்தியவர் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? தந்த பிறகு வண்டி ஓட்டலாமா? நிறம் தேர்வு செய்ய ஆன நேரத்தைவிட இந்தக் கேள்விகளை எந்த வரிசையில் வைப்பது என்று யோசிக்க ஆன நேரம் அதிகம். பயத்தோடு முதல்முறை வருகிறவர் எதை முதலில் தேடுவார், எது கீழே இருந்தால் பரவாயில்லை, எந்த வாக்கியம் அவரைத் திரும்பிப் போகவைக்கும் என்பதெல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கிறது. நான் அதைத்தான் டிசைன் என்று நினைத்துச் செய்தேன். அதை எடுத்துவிட்டு என்ன வைக்கச் சொன்னார்கள் தெரியுமா? ஸ்லைடர், அதாவது ஒன்று மாற்றி ஒன்றாகப் படங்கள் நகரும் பட்டை. ஒரு சிவப்புச் சொட்டு, ஒரு இதயம், கைகோத்து நிற்கும் யாரோ நான்கு பேர். தானாக நகர வேண்டுமாம், அப்போதுதான் 'லைவ்'வாக இருக்குமாம்.

அமெரிக்காவின் நோட்ரடேம் பல்கலைக்கழகத் தளத்தின் ஸ்லைடரை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று 2013இல் எண்ணிப் பார்த்து எழுதினார்கள். வந்தவர்களில் சுமார் 1% பேர்தான் கிளிக் செய்திருந்தார்கள். அந்த 1 சதவீதத்திலும் பெரும்பாலோர் முதல் படத்தோடு சரி. இரண்டாவது, மூன்றாவது படங்கள் யாருக்காக ஓடிக்கொண்டிருந்தன? ரிவ்யூ கமிட்டிக்காக என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எங்களுக்கு முதல் செமஸ்டரில் சொல்லிக்கொடுத்தது என்ன? பொருள் எச்டிஎம்எல்லில், தோற்றம் சிஎஸ்எஸ்ஸில். பரீட்சையில் இதற்கு மதிப்பெண்ணும் போட்டார்கள். வலை பிறந்த கதையும் அப்படித்தான். 1989இல் செர்ன் என்ற இயற்பியல் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ திட்டம் எழுதிக் கொடுத்தது ஆய்வாளர்களின் ஆவணங்களை ஒன்றோடொன்று இணைப்பதற்காக. 1991இல் வெளியே தெரிந்த முதல் தளத்தில் எழுத்தும் சுட்டிகளும் மட்டும்தான், படமே கிடையாது. அதன் நகல் இன்றும் திறக்கிறது. உலாவியின் சன்னலை எவ்வளவு சுருக்கினாலும் வரிகள் ஒழுங்காக மடங்கிக்கொள்கின்றன. சிஎஸ்எஸ்ஸை ஹோகன் வியும் லீ என்பவர் முன்மொழிந்தது 1994இல், அது தரமாக அறிவிக்கப்பட்டது 1996 டிசம்பரில். அலங்காரம்தான் அப்புறம் வந்தது. இதையெல்லாம் வகுப்பில் சொல்லிவிட்டு ரிவ்யூவில் தலைகீழாகக் கேட்டால் நாங்கள் எதை நம்புவது?

'அப்புறம் ஃபில்' செய்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் பேட்ச் எல்லோரும் பார்த்தோம். இடத்தை நிரப்ப லோரம் இப்சம் என்ற பொருளில்லாத எழுத்தைப் போட்டு அழகாகக் கட்டம் கட்டினோம். கடைசி வாரம் தமிழை உள்ளே கொட்டியதும் பட்டன்கள் வெடித்தன. மெனு இரண்டு வரியானது. மேலே புள்ளியும் கீழே சுழியும் இடித்துக்கொண்டு ஒரு வரியின் கால் அடுத்த வரியின் தலையில் நின்றது. அந்த இரவில் யாரும் எமோஜி போடவில்லை.

இனி 'யாரும் படிக்க மாட்டார்கள்' கட்சிக்கு வருகிறேன். நீங்கள் எல்லோரும் கையில் வைத்திருக்கும் ஆயுதம் எனக்கும் தெரியும்: 79%. தளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1997இல் எழுதியது. புதுப் பக்கத்துக்கு வருகிறவர்களில் 79% பேர் மேலோட்டமாகத்தான் பார்க்கிறார்கள், 16% பேர்தான் வார்த்தை வார்த்தையாகப் படிக்கிறார்கள். சரி, உண்மைதான். அதே கட்டுரையைக் கொஞ்சம் கீழே வரை படித்தீர்களா? ஒரே தளத்தை ஐந்து விதமாக எழுதிச் சோதித்தார்கள். சொற்களைப் பாதியாகக் குறைத்தபோது பயன்பாட்டுத் தன்மை 58% கூடியது. சுருக்கமாகவும், கண் ஓட்டிப் பார்க்க வசதியாகவும், பீற்றிக்கொள்ளாமலும் எழுதியபோது 124% கூடியது. அங்கே அவர்கள் ஸ்லைடர் வைக்கவில்லை. எழுதியதைத்தான் திருத்தினார்கள். நானும் என் பக்கங்களைச் சுருக்கியிருக்கிறேன், இன்னும் சுருக்கச் சொன்னால் சுருக்குவேன். சுருக்குவதும் எழுத்து வேலைதான். 'எடுத்துவிட்டுப் படம் போடு' என்பது வேறு வேலை.

படம் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். என் தோழி ஒருத்திக்குப் பார்வை கிடையாது. போனில், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் டாக்பேக் வைத்துத்தான் எல்லாம் செய்கிறாள். என் தளத்தை முதலில் திறந்து பார்த்தவள் அவள்தான். மேலிருந்து கீழாகப் படிப்பாள் என்று நினைத்திருந்தேன். அவளோ தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித் தாவிப் போனாள், நாம் கண்ணை ஓட்டுவதைவிட வேகமாக. டாட்டூ கேள்விக்கு வந்ததும் நின்றாள். "இதை எனக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை" என்றாள். அப்புறம் அவளுக்கு ஃபேஸ்புக்கில் வந்த ஒரு ரத்தம் தேவை போஸ்டரைப் போட்டுக் காட்டினாள். என்ன வகை ரத்தம், எந்த மருத்துவமனை, எந்த எண் என்று எல்லாமே படத்துக்குள். போன் சொன்னது, படத்தில் எழுத்து இருக்கலாம் என்று மட்டும். "இருக்கலாமாம். என்ன எழுத்துன்னு கேட்டா சொல்லாது" என்று சிரித்தாள்.

அந்த போஸ்டரில் தேதியும் இல்லை. ஃபேஸ்புக்கில் நான் கற்றுக்கொண்ட முதல் எழுத்துப் பாடம் அதுதான்: அவசரத்துக்குத் தேதி வேண்டும். யாரோ எப்போதோ டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயிருப்பார். அவர் படம் மட்டும் இன்னும் குரூப் குரூப்பாகச் சுற்றுகிறது. நாமும் பதறிப்போய் ஷேர் செய்கிறோம். நான்கு வரியாக எழுத்தில் போட்டிருந்தால் தேடியாவது கண்டுபிடிக்கலாம், காதால் கேட்கலாம், பழையதானால் திருத்தலாம். ஆனால் படத்துக்குத்தானே லைக் விழும்.

'ஏஐ எழுதித் தந்துவிடும், நீ எதற்கு இவ்வளவு அலட்டிக்கொள்கிறாய்' என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். எழுதித் தரட்டும். எந்தக் கேள்வி முதலில் வர வேண்டும் என்று முடிவு செய்து, பதில் சரியா என்று மருத்துவரிடம் காட்டிக் கேட்க ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுதான், இதற்கு மேல் பேச விருப்பமில்லை.

இன்னொரு குற்றச்சாட்டு, பொறாமையாம். அதே ரிவ்யூவில் கைதட்டல் வாங்கிய தளத்தைச் செய்தவன் என் நண்பன். அவன் அனிமேஷன் நன்றாக இருந்தது, முகத்துக்கு நேரே சொன்னேன். ஆனால் அந்தப் பின்னணிப் படத்தின் மேல் வெளிர்சாம்பல் எழுத்தை உங்களில் யார் படித்தீர்கள்? சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று, வலைக்குத் தரம் வகுக்கும் அமைப்பான டபிள்யூத்ரீசியின் வழிகாட்டுதல் 2008இலிருந்தே சொல்கிறது. அளந்து பார்த்தேன். ஆமாம், உட்கார்ந்து அளந்தேன், பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாதிகூட வரவில்லை. அதைப் பற்றி அறையில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என்னிடமும்தான் கேட்கவில்லை. சார் மேல் எனக்கு மரியாதை உண்டு, அவரிடம்தான் கோடிங் கற்றேன். ஆனால் அவர் என் பக்கத்தைப் படிக்கவில்லை. மவுஸ் வீலை ஒரு தள்ளு தள்ளினார். எழுத்தெல்லாம் கறுப்புப் பட்டையாக ஓடியது. "இவ்வளவா" என்றார். டாட்டூ கேள்வியைத் தாண்டித்தான் போனார், நிற்கவில்லை. சின்ன வயதிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், எழுத ஒரு இடம் கிடைக்கும் என்றுதான் இந்தப் படிப்பையே எடுத்தேன். வடிவமைக்கத் தெரியாததால் எழுத்தைப் பிடித்துத் தொங்குகிறேன் என்று குரூப்பில் ஒருத்தி போட்டிருந்தாள். அவளுடைய தளத்தின் 'எங்களைப் பற்றி' பக்கம் நான் எழுதிக் கொடுத்தது. பரவாயில்லை.

அடுத்த ரிவ்யூவுக்குள் ஸ்லைடர் சேர்க்கச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. சேர்ப்பேன், மார்க் அவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் கேள்விகளுக்குக் கீழேதான் வைப்பேன். தானாக ஓடாது. ஒவ்வொரு படத்துக்கும், அதில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்று உரை இருக்கும். வீடியோ எடுக்கிறவர்கள் இந்த முறை தயவுசெய்து கொஞ்சம் கீழே வரை ஸ்க்ரோல் செய்து எடுங்கள்.