எல்எம்ஐஏவுக்குக் காசு கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

எல்எம்ஐஏ என்பது, வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்கக் கனடா முதலாளி அந்நாட்டு அரசிடம் வாங்கும் ஒப்புதல். பிஆர் என்பது அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை.

"சென்னையிலேயே ஏஜென்ட்டிடம் நாலு லட்சம் கட்டி எல்எம்ஐஏ வாங்கிவிட்டால், கனடாவில் முதல் வேலையும் கையில், பிஆருக்கு 50 புள்ளியும் கையில்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மன்னிக்கணும் தம்பி, இரண்டுமே தப்பு.

புள்ளி போட்டுப் பிஆருக்கு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கொடுத்துவந்த புள்ளிகளை 2025 மார்ச் 25 முதல் எடுத்துவிட்டார்கள். எல்எம்ஐஏ விற்பனை பெருகியதும் அதற்கு ஒரு காரணம். அப்புறம், எல்எம்ஐஏ விண்ணப்பக் கட்டணமான 1,000 கனடா டாலரை முதலாளிதான் கட்ட வேண்டும்; அதைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. பிஆர் கிடைத்தவருக்கு எல்எம்ஐஏவே தேவையில்லை.

நம் ஊர்ச் சட்டத்தைப் பார்த்தாலும், பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பதிவு இருக்கிறதா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்திலேயே பார்த்துவிடலாம்.

என் மச்சான் வடபழனிப் பக்கம் ஒரு ஆபீஸில் பணம் கட்டினான். ரசீதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று மட்டும் இருந்தது. வேலை என்ற சொல்லே இல்லை. திருப்பிக் கேட்டபோது அந்த ரசீதையே எங்களிடம் நீட்டினார்கள். பிறகு வேறு வழியில் பிஆர் வாங்கிப் போனான். ஸ்கார்பரோவில் கிடைத்த முதல் வேலை, ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட். வாங்கிக் கொடுத்தது ஏஜென்ட் இல்லை, பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன்.