காலாண்டு விடைத்தாளைக் கட்டி வைத்துவிடாதீர்கள்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு என்றாலே எல்லோருக்கும் பொதுத்தேர்வு மாதம்தான் நினைவுக்கு வருகிறது. ஜனவரி பிறந்ததும் சிறப்பு வகுப்பு, திருப்புதல் தேர்வு, மினிமம் மெட்டீரியல் (தேர்ச்சிக்கு மட்டும் போதுமான சுருக்கக் கையேடு) என்று பள்ளியே பரபரப்பாகிவிடும். என்னைக் கேட்டால், அந்த ஆண்டின் முக்கியமான வாரம் காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரம்தான். செப்டம்பரில் எழுதிய தாள் திருத்தி வரும்போது, பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். சரிசெய்ய மாதக்கணக்கில் நேரமும் இருக்கும். நாமோ மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றி, அறிக்கையில் பெற்றோர் கையெழுத்தை வாங்கி, தாளைக் கட்டி அலமாரியில் வைத்துவிடுகிறோம்.

கணக்கில் 28 வாங்கிய இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் எல்லாக் கேள்வியையும் தொட்டு, கூட்டல், கழித்தல் குறியில் கோட்டை விட்டிருப்பான். இன்னொருவன் ஐந்து மதிப்பெண் பகுதியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டான். இருவரையும் ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரே பெஞ்சில் உட்காரவைத்து ஒரே கையேட்டைக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

வடிவியல், வரைபடம் இரண்டும் தலா 8 மதிப்பெண். தேர்ச்சிக்கு வேண்டிய 35-இல் 16 இங்கேயே கிடைக்கிறது என்பதால் எல்லாப் பள்ளியும் இதைத்தான் திரும்பத் திரும்பப் போட வைக்கிறது. ஆனாலும் முழு மதிப்பெண் வருவதில்லை. எக்ஸ்² + எக்ஸ் − 2 வரைபடத்தைப் பாருங்கள். −3-ஐ வர்க்கப்படுத்தி −9 என்று எழுதினால் அந்தப் புள்ளி எங்கோ கீழே போய் விழும், வளைவரை உடையும். −1, 0 இரண்டுக்கும் விடை −2 என்பதால் பலர் அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிடுகிறார்கள். வளைவரை அங்கே இன்னும் சற்றுக் கீழே, −2.25 வரை இறங்கிப் பிறகுதான் ஏறும். அளவுத்திட்டம் எழுத மறப்பது தனி. வடிவியலில் உதவிப்படம் விட்டுப்போகும், காம்பஸ் திருகு தளர்ந்து வட்டம் புள்ளியைத் தொடாமல் நழுவும். ஆரம் 3 செ.மீ., மையத்திலிருந்து புள்ளி 5 செ.மீ. என்றால் தொடுகோடு 4 செ.மீ. வந்தே ஆக வேண்டும். அதைச் சரிபார்க்கும் பழக்கம் இருந்தால், தவறை மாணவனே கண்டுபிடித்துவிடுவான்.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு முழுப் பீரியட் ஒதுக்குங்கள். மதிப்பெண் போன ஒவ்வொரு இடத்திலும் மாணவன் தன் கையால் ஓர் எழுத்து எழுதட்டும்: தெரியாமல் விட்டது ‘அ’, தெரிந்தும் தவறியது ‘ஆ’, நேரம் இல்லாமல் விட்டது ‘இ’. ‘அ’ அதிகமென்றால் அந்தப் பாடத்தை மறுபடி நடத்தத்தான் வேண்டும், மனப்பாடம் உதவாது. ‘ஆ’ என்றால் தினமும் இரண்டு கணக்கு, உடனே திருத்தம், ஒரு வாரத்துக்குள் அதே கணக்கு மறுபடியும். ‘இ’ என்றால் பாடத்தில் குறை இல்லை. அவனைக் கடிகாரம் வைத்து எழுதப் பழக்க வேண்டும். பொதுத்தேர்வில் வினாத்தாள் படிக்க 10 நிமிடம், விவரம் நிரப்ப 5 நிமிடம் போக 3 மணி நேரம். 100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்றால் 5 மதிப்பெண் கணக்குக்கு 9 நிமிடம்தான். பத்தாவது நிமிடத்தில் அடுத்ததற்கு நகர வேண்டும்.

அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. அந்த 25-ஐக் கடைசி வாரத்தில் குறிப்பேடு பார்த்து எழுதவைத்துத் தீர்த்துவிடும் வழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. குவிலென்ஸைக் கையில் பிடித்து, சன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தின் தலைகீழ் பிம்பம் வெள்ளைத் திரையில் தெளியும் வரை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்த பிள்ளைக்குக் குவியத் தொலைவை யாரும் விளக்க வேண்டியதில்லை. மங்கலான பிம்பத்தோடு அளந்தால் விடை ஏன் மாறுகிறது என்பதும் அங்கேயே புரியும். அக்டோபரிலேயே வாரம் ஒரு பீரியட் ஆய்வகத்துக்கு வையுங்கள். அதற்காக பி.டி. பீரியடில் மட்டும் கை வைக்காதீர்கள், அது பிள்ளைகளுடையது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டத்துக்குப் போனால் “எத்தனை மார்க் சார்?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “பேப்பரைக் காட்டுங்க சார்” என்று கேளுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, விடுபட்ட கேள்விகளை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். பாடம் தெரியாதவர்களும் அதைச் செய்யலாம்.